நூறு மைலுக்கு எத்தனை கேலன்?

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியிலிருந்து டெக்ஸஸின் மேற்கு மூலையில் இருக்கும் ஃபோர்ட் டேவிஸ் என்ற மலையூருக்கு ஏறக்குறைய 570 மைல். கிலோமீட்டரில் 900க்கு மேல். இவ்வளவு தூரம் ஓட்டியும் மாநில எல்லையைத் தாண்டியிருக்க மாட்டோம். என் பெரியம்மா மகன், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அண்ணன், பல வருடங்களாகக் கேட்டியில் இருக்கிறார். தன்னுடைய கேம்பர் ட்ரெய்லரை ஃபோர்ட் டேவிஸில் குடியேறிய நண்பருக்கு விற்றிருந்தார். அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கத்தான் இந்தப் பயணம். போகும்போது பின்னால் ட்ரெய்லர், வரும்போது வெறும் வண்டி. சாலையும் மாறாது, வண்டியும் மாறாது, சுமை மட்டும் மாறும். ஒரு பெரிய பிக்கப் ட்ரக் உண்மையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று நானும் ஏறிக்கொண்டேன்.

அண்ணனுடையது ஃபோர்ட் எஃப்-150 ஹைப்ரிட், நான்கு சக்கர இயக்கம். ஃபோர்டின் எஃப் வரிசை 1948இல் தொடங்கியது. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் ட்ரக் வரிசை அதுதான். 2021 மாடலில் வந்த இந்த ஹைப்ரிட்டில் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினும், கியர்பாக்ஸுக்குள்ளேயே ஒரு மின்மோட்டாரும், 1.5 கிலோவாட்-மணி பேட்டரியும் இருக்கின்றன. சேர்த்து 430 குதிரைத்திறன். நான்கு கதவு வண்டி என்பதால் நீளம் 19 அடிக்கு மேல். பக்கத்தில் நின்றால் பானெட்டின் விளிம்பு என் நெஞ்சுக்கு வந்தது. ஆனால் 2015 மாடலிலிருந்து இதன் உடல் அலுமினியக் கலவை. எஃகு உடலாக இருந்த காலத்தைவிட 700 பவுண்டு வரை, அதாவது 300 கிலோவுக்கு மேல், எடை குறைந்தது. பெரிய வண்டியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எடுத்த பெரிய முடிவுகளில் அது ஒன்று.

புறப்படும் முன் அண்ணன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளைச் சீட்டைக் காட்டினார். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அவர் வண்டிக்கு அது ஏறக்குறைய 1,500. "விளம்பரத்துல பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும்னு போடுவான் தம்பி. நீ பார்க்க வேண்டியது இந்தச் சீட்டைத்தான்" என்றார். கணக்கு எளிது. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓடும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கிவிடும். அந்த அழுத்தம் முழுவதும் ட்ரக் சுமக்கும் சரக்காகவே கணக்காகும். இந்த வகை ஹைப்ரிட்டின் உச்ச இழுவை 12,700 பவுண்டு. அதில் பன்னிரண்டு சதவீதம் எடுத்தாலே 1,500ஐத் தாண்டிவிடும். அப்புறம் ஓட்டுநர் உட்கார இடமிருக்காது. எங்கள் ட்ரெய்லர் சுமார் 5,500 பவுண்டு. கொக்கியில் 660 போக, எங்கள் இருவருக்கும் மூட்டைகளுக்கும் தாராளமாக இடமிருந்தது. பாதுகாப்புச் சங்கிலிகளை ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டினோம். ஏழு முனை மின்இணைப்பைச் செருகினோம். பின்விளக்கும் பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

அமெரிக்காவில் புது வண்டியின் கண்ணாடியில் விலை விவரச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்கிறார்கள். மைலேஜ் விவரமும் அதில்தான் வருகிறது. அண்ணன் தன் வண்டியின் ஸ்டிக்கரைப் பத்திரமாக வைத்திருந்தார். நகரத்தில் கேலனுக்கு 24 மைல், நெடுஞ்சாலையில் 24, சராசரி 24. நம் கணக்கில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம்.

"ஏண்ணே, ஹைவேயில கூடத்தானே வரணும்? ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

"சிட்டியில பிரேக்கை மிதிக்க மிதிக்க பேட்டரி ஏறும்டா. ஹைவேயில எங்க பிரேக் போடுறோம்? அங்க எஞ்சின்தான் முழுசா இழுக்கணும்."

அந்த ஸ்டிக்கர் எண் பொய்யில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண். அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் 48 மைல், உச்சம் 60. 2008 மாடலிலிருந்து வேகமான ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். ஆனாலும் ட்ரெய்லர் கட்டி இழுப்பது எந்தச் சோதனையிலும் இல்லை. மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டும் எஃப்-250, ராம் 2500 போன்ற கனரகப் பிக்கப்களுக்கோ மைலேஜ் ஸ்டிக்கரே கட்டாயமில்லை. மிக அதிகமாகக் குடிக்கும் வண்டிகளை வாங்குவோருக்குத்தான் எண் எதுவும் கிடைப்பதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினோம். லூலிங் அருகே பக்கீஸ் நிலையத்தில் நிறுத்தினோம். நூறுக்கும் மேற்பட்ட பம்புகள். பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கு மட்டும் அனுமதியில்லை. ட்ரெய்லரோடு உள்ளே வந்தாலும் மூலையை இடிக்காமல் வெளியேற முடிந்தது. சான் அன்டோனியோவின் தென்புறத்தில் டொயோட்டாவின் தொழிற்சாலை இருக்கிறது. அவர்களுடைய டன்ட்ரா பிக்கப் அங்கேதான் தயாராகிறது. ஜப்பானிய நிறுவனம் டெக்ஸஸில் ட்ரக் கட்டுவதற்கு ஒரு கோழிக்கதை இருக்கிறது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் அரசு இறக்குமதியாகும் இலகு ட்ரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. 1964இல் நடைமுறைக்கு வந்த அந்த வரியைக் கோழிவரி என்றே இன்றும் சொல்கிறார்கள். கோழிச்சண்டை முடிந்தும் வரி நீடித்தது. அதனால் உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பிக்கப் சந்தை பாதுகாப்பான, லாபம் கொழிக்கும் சந்தையானது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த எரிபொருள் விதிகளும் கார்களுக்கு ஒரு தரத்தையும் ட்ரக்குகளுக்கு அதைவிடத் தளர்ந்த ஒரு தரத்தையும் வைத்தன. பிற்பாடு வண்டியின் நீள அகலம் கூடக்கூட இலக்கு குறையும்படி விதி மாறியது. 19 அடி வண்டிகள் சாலையை நிறைத்திருப்பதற்கு மக்களின் விருப்பம் எவ்வளவு காரணமோ, இந்த விதிகளும் அவ்வளவு காரணம்.

சான் அன்டோனியோ தாண்டியதும் மலைநாடு. சாலைக்காக வெட்டிய சுண்ணாம்புப் பாறைகள் இருபுறமும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கெர்வில் கடந்ததும் வேக வரம்பு 80 மைல், மணிக்கு 129 கிலோமீட்டர் என்று பலகை சொன்னது. அண்ணன் 63இல் ஓட்டினார். ட்ரெய்லர் டயர்கள் பலவற்றுக்கும் உச்ச வேகம் 65தான். எங்களைத் தாண்டிப் போகாத வண்டி இல்லை.

ஒசோனாவில் டேங்கை நிரப்பினோம். அண்ணனுடைய முறை கறாரானது. பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் கைப்பிடியைத் தூக்கிவிடுவார். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட அமுக்க மாட்டார். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டம் வரும். ரசீதின் பின்புறம் ஓடிய மைலை எழுதி, நிரப்பிய கேலனால் வகுத்து, டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கும் நோட்டில் ஏற்றுவார். அந்த நோட்டில் நாள், மைல், கேலன், காற்று, சுமை என்று ஐந்து பத்திகள். எந்த வண்டியானாலும் திரையில் வரும் எண்ணைவிடப் பம்பில் வகுத்து எடுத்த எண்தான் அவருக்குக் கணக்கு. அதுவரை வந்த தூரத்துக்கு விடை ஏறக்குறைய 10 மைல். லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர்.

ஸ்டிக்கரின் 24 எங்கே போயிற்று? எடை ஒரு காரணம். ஆனால் சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது எடையைவிடக் காற்றுதான் பெரிய பகை. எட்டடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட தட்டையான பெட்டி அது. ட்ரக்கின் முகம் பிளந்துவிடும் காற்றை, அதன் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரெய்லர் இன்னொரு முறை இடித்துத் தள்ள வேண்டும். ஒசோனாவுக்கு மேற்கே பெக்கோஸ் ஆற்றைக் கடந்ததும் எதிர்க்காற்று பிடித்தது. தட்டை மலைகளின் உச்சியில் வரிசையாகக் காற்றாலைகள் எங்களைப் போலவே மேற்கு நோக்கி நின்று சுற்றிக்கொண்டிருந்தன. அவை எந்தக் காற்றில் மின்சாரம் எடுத்தனவோ அதே காற்றுதான் எங்கள் பெட்ரோலைத் தின்றது. காற்றாலை மலைகளுக்குக் கீழே எண்ணெய்க் கிணறுகளின் பம்ப்ஜாக்குகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் போனது பெர்மியன் படுகையின் தென்புறம், அமெரிக்காவில் மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நிலம். இந்தச் சாலைக்கு வடக்கே பிக் லேக் ஊர்ப்பக்கம் சான்டா ரீட்டா முதல் கிணறு 1923இல் பீறிட்டது. அது டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் நிலம். பல்கலைக்கழகத்தின் செல்வம் அங்கிருந்துதான் பெருகியது. அடுத்த நிரப்பலில் நோட்டில் ஏறிய எண் 9.

அந்த 9ஐப் பார்த்து நான் முகம் சுளித்தபோதுதான் அண்ணன் கேட்டார்: "ஒன்பதைப் பத்தாக்கினா எவ்வளவு மிச்சம்னு நினைக்கிற?" ஒரு மைல்தானே என்றேன். "மைலைப் பார்க்காதடா. நூறு மைலுக்கு எத்தனை கேலன்னு மாத்திப் போட்டுப் பாரு."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கேலனுக்கு 9 மைல் என்றால் நூறு மைலுக்கு 11.1 கேலன். 10 மைல் என்றால் 10 கேலன். மிச்சம் 1.1 கேலன். இதே வண்டி வெறுமையாக ஓடும்போது 24ஐ 32 ஆக்க முடிந்தால், 4.2 கேலன் 3.1 ஆகும். அங்கேயும் மிச்சம் ஒரு கேலன் சொச்சம்தான். மைலேஜில் 8 மைல் கூட்டுவதற்கான பொறியியல் சாதனையும், ட்ரெய்லரோடு போகும்போது வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கிடைக்கும் ஒரு மைலும் பெட்ரோல் கணக்கில் ஒன்றே.

டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. கேலனுக்கு இத்தனை மைல் என்ற அளவு மனிதர்களைத் தவறாக நினைக்க வைக்கிறது. பெட்ரோல் மிச்சத்தை அறிய, தூரத்துக்கு இத்தனை கேலன் என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2013 மாடலிலிருந்து வந்த புதிய ஸ்டிக்கர்களில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் சிறு எழுத்தில் இடம்பெறுகிறது. அண்ணனின் ஸ்டிக்கரிலும் அது இருந்தது. யாரும் அதைப் படிப்பதில்லை. வண்டி என்றதும் "எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?" என்று கேட்டுப் பழகிய நம் ஊரிலும் இதே மயக்கம்தான். 14 மைல் தரும் பழைய ட்ரக்கை விட்டு 24 தரும் ட்ரக்குக்கு ஒருவர் மாறினால் நூறு மைலுக்கு 3 கேலன் மிச்சம். 30 தரும் காரை விட்டு 50 தரும் ஹைப்ரிட் காருக்கு இன்னொருவர் மாறினால் 1.3 கேலன்தான் மிச்சம். ஆனால் பாராட்டு இரண்டாமவருக்கே போகும். ட்ரக்காரரைக் குற்றவாளியாகப் பார்ப்பதற்குப் பதில், அவருடைய வண்டியில் ஒவ்வொரு மைலையும் கூட்டப் பாடுபடுவதுதான் எண்ணெயை அதிகம் மிச்சமாக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஃபோர்ட் டேவிஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,000 அடி. நண்பரின் வீட்டில் ட்ரெய்லரை இரண்டு சீமைக்கருவாலி மரங்களுக்கு நடுவே பின்னோக்கிச் செலுத்த வேண்டும். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தலைகீழ் வித்தை. பின்பக்கம் இடப்புறம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் ட்ரக்கும் ட்ரெய்லரும் கத்திபோல் மடங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் அதற்கென்று டாஷ்போர்டில் ஒரு திருகு இருக்கிறது. ட்ரெய்லரின் கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர். பின்கேமரா அதைப் பார்த்துக் கோணத்தைக் கணக்கிடும். அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திருகை மட்டும் இடப்புறம் மெல்லத் திருப்பினார். ஸ்டியரிங் தானாக எதிர்ப்புறம் சுழன்று, பிறகு நேராகி, மறுபடி சுழன்றது. ட்ரெய்லர் அவர் காட்டிய பக்கமே போய் மரங்களுக்கு நடுவே நின்றது. கீழே நின்று கையசைத்து வழிகாட்டிக்கொண்டிருந்த நான், சக்கரம் ஒவ்வோர் அங்குலமாகச் சரளைக்கல்லில் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஆடம்பரமாக விற்கப்படும் எத்தனையோ வசதிகளுக்கு நடுவில், இது உழைப்பவனின் கழுத்து வலியைத் தெரிந்தவர் செய்தது.

மாலையில் வெறும் ட்ரக்கில் மெக்டொனால்ட் வானாய்வகத்துக்குப் போனோம். லாக் மலையுச்சிக்குப் போகும் அந்தச் சாலை 6,790 அடி வரை ஏறுகிறது. இங்கே 82 அங்குலத் தொலைநோக்கி 1939இல் திறக்கப்பட்டது. வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவதான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கும் இயக்குநர். நம் வானியற்பியலாளர் சந்திரசேகரை 1937இல் யெர்க்ஸுக்கு அழைத்துக்கொண்டவரும் அவரே. அதைச் சொல்லிக்கொண்டே இறங்கினோம். இறக்கம் முழுவதும் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருந்தது. மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பியது. ஆனால் 1.5 கிலோவாட்-மணி சின்னப் பேட்டரி. பாதி மலையிலேயே நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்த இறக்கமெல்லாம் வீண். ஹைப்ரிட்டின் பலமும் எல்லையும் ஒரே மலையில் தெரிந்தன.

இரவு பேச்சு 2024 ஜூலை பெரில் புயலுக்குப் போனது. ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்இணைப்புகள் அறுந்த நேரம், கொதிக்கும் வெயில். இந்த ட்ரக்கின் பின்தொட்டியில் 120 வோல்ட் பிளக் நான்கும் 240 வோல்ட் பிளக் ஒன்றும் இருக்கின்றன, மொத்தம் 7.2 கிலோவாட். அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்தி, தன் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிகளுக்கும், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கும் வயர் இழுத்தார். பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே ஓடி ஏற்றிவிட்டு நின்றுவிடும். முழுச் சுமையிலேயே ஒரு டேங்க் பெட்ரோல் 32 மணி நேரம் தாங்கும் என்பது ஃபோர்டின் கணக்கு. 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்ஸஸ் மின்கட்டமைப்பு சரிந்தபோது 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சிலர் மூடிய கராஜுக்குள் காரையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு தாக்கி மாண்டவர்கள். "வண்டி வெளியில நிக்கணும், கராஜ் கதவு மூடியிருக்கணும். வயர் மட்டும்தான் உள்ள வரணும்" என்று அண்ணன் அழுத்திச் சொன்னார். அந்த நாட்களில் எரிந்த பெட்ரோல் ஒரு மைல்கூட ஓட்டித் தரவில்லை. அதைவிடப் பயனுள்ள பெட்ரோல் அந்த வண்டியில் எரிந்ததில்லை.

திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். பின்கதவு மூடியே இருந்தது. அதைத் திறந்துவிட்டால் காற்று தடையின்றிப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூடியிருந்தால்தான் தொட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தைபோல் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிப் போகவிடும். ஒசோனா வரை வரம்பு வேகமான 80லேயே வந்தேன். டேங்கை நிரப்பி வகுத்துப் பார்த்தால் 19. அங்கிருந்து கேட்டி வரை 68ஐத் தாண்டவில்லை. நடுவில் சான் அன்டோனியோவின் மாலை நெரிசலில் ஊர்ந்தோம். அங்கே ஹைப்ரிட்டுக்குக் கொண்டாட்டம். கேட்டியில் வகுத்தபோது 23. மேற்கிலிருந்து வீசும் காற்றும் சரிந்துகொண்டே வரும் நிலமும் இரண்டு பகுதிக்கும் கைகொடுத்தன. வித்தியாசத்தின் பெரும்பங்கு வேகத்தால் வந்தது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 68லிருந்து 80க்குப் போனால் வேகம் 18 சதவீதம்தான் கூடுகிறது, தடை 38 சதவீதம் கூடுகிறது.

570 மைலையும் 80லேயே வந்திருந்தால் 30 கேலன். 68இல் வந்திருந்தால் 25 கேலனுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஐந்து கேலனுக்கு மேல், இருபது லிட்டர். ஒரு ஸ்கூட்டர் அந்தப் பெட்ரோலில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பியும் வரும் அளவு. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஒன்றேகால் மணி நேரம்.

பெரிய ட்ரக் தேவையா என்று இப்போது என்னைக் கேட்டால், பின்தொட்டியிலோ கொக்கியிலோ எத்தனை நாள் வேலை இருக்கும் என்று திருப்பிக் கேட்பேன். அலுவலகத்துக்கு ஒற்றை ஆளாகப் போய்வர 19 அடி வண்டி வேண்டாம். இழுக்கவும் சுமக்கவும் புயலில் விளக்கேற்றவும் வேண்டுமென்றால் இது உண்மையான உழைப்பாளி, மதிப்போடு வாங்கலாம். வாங்கும்போது ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைத் தாண்டி, சிறு எழுத்தில் இருக்கும் நூறு மைல் கணக்கைப் படியுங்கள். கதவுச் சட்டத்திலுள்ள எடைச் சீட்டைப் படியுங்கள். ஒரு நோட்டு வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவையுங்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் பல ஆண்டு பாடுபட்டுச் சேர்த்துக் கொடுத்த மைல்களைக் காப்பதும் கரைப்பதும் அதன் பிறகு ஓட்டுபவரின் வலதுகாலில் இருக்கிறது.